நட்சத்திரச் சக்கரமும் எழுபத்து நான்காம் நாளும்

தண்ணீருக்கு மீட்டர் வைத்துக்கொள்ளலாமா, மாதம் இவ்வளவு என்ற ஒரே கட்டணத்திலேயே இருந்துவிடலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். ஆறு வருடமாக மீட்டரோடு குடித்தனம் நடத்துகிறவன் என்பதால் என்னிடம் கேட்டார்.

எல்லோரும் மீட்டரில் எண்களைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது முகப்பில் இருக்கும் சின்ன நட்சத்திரச் சக்கரத்தை. குழாய்களை எல்லாம் மூடிய பிறகும் அது சுற்றினால் எங்கோ கசிகிறது என்று பொருள். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் அது சோம்பேறித்தனமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரவு பதினொரு மணிக்கு ஒரு ரீடிங் குறித்தேன்; காலை ஐந்துக்கு ஒன்று. நடுவில் 90 லிட்டர் போயிருந்தது. கழிவறைத் தொட்டியில் வாஷர் தேய்ந்து, சத்தமே இல்லாமல் மாதம் 10,000 லிட்டருக்கு மேல் வழிந்திருக்கிறது. பிளம்பர் கால் மணி நேரத்தில் சரிசெய்தார். ஒரே கட்டணத்தில் இருந்திருந்தால் நான் அதைத் தேடியே இருக்க மாட்டேன்.

இனி வயிற்றெரிச்சல். பில் 60 நாளுக்கு ஒன்று. ரீடிங் எடுப்பவரோ வந்தால் வந்தார். இந்த முறை 74-ஆம் நாள் வந்தார். எங்கள் செலவு நாளுக்கு 600 லிட்டர்; உரிய நாளில் எடுத்திருந்தால் 36 யூனிட் (ஒரு யூனிட் ஆயிரம் லிட்டர்), குறைந்த விலைக்கான 40 யூனிட் வரம்புக்குள் அடங்கியிருக்கும். இப்போது 44 தாண்டிவிட்டது. வரம்பை மிஞ்சியதற்கு அடுத்த ஸ்லாபின், அதாவது அடுத்த படியின், கூடுதல் விலை. கூடியது நாட்கள்தான், தண்ணீர் அல்ல. நாள் கணக்குப்படி வரம்பையும் 49 யூனிட்டாக நீட்டினால் தீர்ந்தது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. எழுதிக் கொடுத்தேன். மென்பொருளில் அந்த வசதி இல்லையாம். தாமதமாக வருவதற்கு மட்டும் வசதி இருக்கிறது.

விநியோகம் நின்று மறுபடி வரும்போது குழாயில் அடைபட்ட காற்றும் சக்கரத்தைச் சுற்றிவிடும், அதற்கும் காசு. மீட்டரைக் குறை சொல்ல முடியாது, தண்ணீர் எது காற்று எது என்று அதற்குத் தெரியாது. வயதான மீட்டர் தேய்ந்து குறைவாகக் காட்டும் என்பார்கள். அதைப் பற்றி நானும் புகார் கொடுக்கவில்லை.

தெருவில், மீட்டருக்கு முந்தைய குழாயில் கசிவு. இரவில் யாரும் குழாயைத் திறப்பதில்லை, அழுத்தம் ஏறுகிறது, இன்னும் வேகமாக ஒழுகுகிறது. அங்கே நட்சத்திரச் சக்கரம் கிடையாது. அந்தச் செலவும் எங்கள் கட்டணத்தில்தான் வந்து விழும்.

பில்லைக் கட்டிவிட்டு வந்த கையோடு நண்பரை அழைத்தேன். "மீட்டர் வேண்டாம், இப்படியே இருங்கள்" என்றேன். இரவு வழக்கம்போல டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். நட்சத்திரம் அசையவில்லை.