என்.டி.ஐ.எஸ் பிளானோடு ஏழு வருடம்: சட்டை போட்டுக்கொள்வானா என்ற கேள்வி

மகனுக்கு ஆட்டிசம். குறைபாடு உள்ளவர்களுக்கு உதவ ஆஸ்திரேலிய அரசு நடத்தும் காப்பீட்டுத் திட்டம்தான் என்.டி.ஐ.எஸ். யாருக்கு என்ன உதவி, எவ்வளவு தொகை என்று எழுதித் தருவது பிளான். 2018-இல் சிட்னியில் முதல் பிளான் கைக்கு வந்தபோது அவனுக்கு வயது 8. அதற்குப் பிறகு பல பிளான்களைப் பார்த்துவிட்டோம். புதிதாக ஆஸ்திரேலியா வந்த தமிழ்க் குடும்பங்கள் யாராவது கேட்டால், கூட உட்கார்ந்து படிவம் பார்த்துக் கொடுப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படி உட்காரும்போது திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, "அக்கா, மாசம் எவ்வளவு கைக்கு வரும்?" கைக்கு ஒன்றும் வராது. அரசின் நலத்தொகை அலுவலகமான சென்டர்லிங்க் தரும் உதவித்தொகை வேறு, இது வேறு. 2013-இல் சட்டமாகி, படிப்படியாக நாடு முழுக்க வந்த திட்டம் இது. குறைபாட்டினால் தேவைப்படும் உதவிகளை வாங்குவதற்கு மட்டும் ஒரு தொகையை ஒதுக்குவார்கள். வீட்டு வாடகைக்கோ மளிகைக்கோ எடுக்க முடியாது. வருமானம், சொத்து எதையும் கேட்பதில்லை. விண்ணப்பிக்கும்போது வயது 65-க்குள் இருக்க வேண்டும். குடியுரிமையோ நிரந்தர வதிவிட விசாவோ வேண்டும். பிரிட்ஜிங் விசாவிலோ (அடுத்த விசா முடிவாகும்வரை தங்கத் தரும் தற்காலிக விசா) மாணவர் விசாவிலோ இருப்பவர்களுக்குக் கிடையாது. இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு இன்றும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பிளான் எழுதுவதற்கு முன் என்.டி.ஐ.எஸ் தரப்பினரோடு ஒரு சந்திப்பு நடக்கும். எங்கள் முதல் சந்திப்பில் கேட்டார்கள்: "தானாகச் சட்டை போட்டுக்கொள்வானா?" போடுவான் என்றேன். பொய் இல்லை. ஆனால் கழுத்துப் பட்டியில் உரசும் லேபிளை முந்தின இரவே நான் வெட்டி எடுத்திருப்பேன். சட்டையைக் கட்டிலில் முன்பக்கம் கீழே இருக்கும்படி விரித்து வைத்திருப்பேன். "வலது கை, இப்ப இடது கை" என்று பக்கத்திலேயே நிற்பேன். பாதியில் கழற்றி எறிந்தால் மறுபடி முதலிலிருந்து. பொத்தானை நான்தான் போடுவேன். பள்ளிக்குக் கிளம்ப 40 நிமிடம். இது எதையும் சொல்லத் தோன்றவில்லை. அம்மா செய்வதுதானே, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

அப்புறம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். "பரவாயில்லை" என்றேன். இரவில் இரண்டு முறை எழுவான், வாசல் கதவுக்கு மேலே கூடுதல் தாழ்ப்பாள் போட்டிருந்தோம். அதையும் சொல்லவில்லை.

பிளான் வந்ததும் பார்த்தால், ஒரு பேச்சுப் பயிற்சியாளருக்குச் சில மணி நேரம், அவ்வளவுதான். நான் வர்ணித்த பிள்ளைக்கு அது போதும். வீட்டில் இருக்கும் பிள்ளைக்குப் போதாது.

நம் ஆட்களிடம் இதை எல்லா வீட்டிலும் பார்க்கிறேன். வெளியாள் முன்னால் பிள்ளையைக் குறைத்துப் பேச நமக்கு வாய் வராது. "நல்லா இருக்கான், எல்லாம் செய்வான், நாங்க பார்த்துக்கிறோம்." உறவினரிடம் அப்படிச் சொல்லலாம், அது அன்பு. இந்தச் சந்திப்பில் மட்டும் அப்படிச் சொல்லக் கூடாது. இங்கே கேட்பது பிள்ளையின் பெருமையை இல்லை. எந்தக் காரியத்துக்கு, எத்தனை முறை, எவ்வளவு நேரம் இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது என்பதைத்தான். அந்த வயதுப் பிள்ளைக்கு எந்தப் பெற்றோரும் செய்யும் வேலையைப் பிளான் ஏற்காது. அதற்கு மேல் நாம் செய்வதைத்தான் எடுத்துக்காட்ட வேண்டும். 3 வயதுப் பிள்ளைக்குச் சட்டை மாட்டிவிடுவது ஒன்று, 8 வயதில் 40 நிமிடம் நிற்பது வேறு.

முடிவு சரியில்லை என்றால் 3 மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். எனக்கு இது தெரியவே சில வாரம் ஆனது. அரசாங்கம் கொடுத்ததைக் கேள்வி கேட்டால் இருப்பதும் போய்விடுமோ என்ற பயம் வேறு. கேட்டோம். இந்த முறை ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவர்) அறிக்கையில் சட்டை, தாழ்ப்பாள், இரவு எல்லாம் இருந்தன. சில மாதம் கழித்து வந்த பிளான் வேறு மாதிரி இருந்தது. அங்கும் சரியாகவில்லை என்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2024 அக்டோபரிலிருந்து அதன் பெயர் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம்.

பணத்தை யார் நிர்வகிப்பது என்று கேட்பார்கள். மூன்று வழி உண்டு: திட்டத்தை நடத்தும் அரசு ஏஜென்சியே பார்ப்பது, நமக்காக இன்வாய்ஸ்களுக்குப் பணம் கட்டும் பிளான் மேனேஜர் ஒருவரை வைத்துக்கொள்வது, நாமே பார்ப்பது. புதிதாக வந்தவர்களுக்கு நான் பிளான் மேனேஜரைத்தான் சொல்வேன். அவருக்கான கட்டணம் பிளானில் தனியாக வரும், தெரபி பணத்தில் கை வைக்காது. என்.டி.ஐ.எஸ்-இல் பதிவு பெறாத தெரபிஸ்டையும் வைத்துக்கொள்ளலாம். நாமே நிர்வகித்தால் ரசீதுகளை 5 வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு மூன்றாவது வருடம்தான் வந்தது.

பிளான் மேனேஜர் இருந்தாலும் ஒவ்வொரு இன்வாய்ஸையும் நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். ஆக்குபேஷனல் தெரபிக்கு என்.டி.ஐ.எஸ் வைத்த உச்ச விலை 2025-இல் மணிக்கு 193.99 டாலராக இருந்தது. அறிக்கை எழுதும் நேரத்துக்கும் பணம் கேட்பார்கள், பயணத்துக்கும் கேட்பார்கள். அதெல்லாம் ஒப்பந்தத்தில் இருந்தால் முறைதான். ஆனால் ஒரு நிறுவனம், மகன் காய்ச்சலில் படுத்திருந்த வாரத்துக்கு முழு அமர்வு நடந்ததாக இன்வாய்ஸ் அனுப்பியிருந்தது. காலண்டரில் குறித்து வைத்திருந்ததால் கண்டுபிடித்தேன். கேட்டதும் திருத்தினார்கள். கேட்காமல் விட்டிருந்தால் அவனுடைய ஒரு மணி நேரம் போயிருக்கும். 2025 மே மாதத்துக்குப் பிறகு வரும் பிளான்களில் பணம் பெரும்பாலும் 3 மாதப் பங்குகளாகத் திறக்கிறது. அதனால் ஆரம்பத்திலேயே தாராளமாகச் செலவழித்துவிட்டால் அடுத்த பங்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த ஏழு வருடத்தில் எங்களுக்கு உண்மையாகக் கிடைத்தது என்ன என்று கேட்டால், சனிக்கிழமை வரும் சப்போர்ட் வொர்க்கரைச் சொல்வேன். மகன் அவரோடு பஸ் ஏறி நூலகம் போய் வருகிறான். ஆரம்பத்தில் டிரைவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு உட்கார மறுத்தவன், இப்போது ஜன்னலோர இருக்கையைத் தேடிப் போகிறான். அந்த மூன்று மணி நேரம் நானும் கணவரும் வீட்டில் தூங்குகிறோம். திட்டம் நல்ல திட்டம், மனமாரச் சொல்கிறேன். ஆனால் காகிதம் படிக்கத் தெரிந்தவருக்குக் கொஞ்சம் அதிகமாகவும், தெரியாதவருக்குக் குறைவாகவும் கிடைக்கிறது. அந்த இடைவெளியில் யாராவது உட்கார்ந்து உதவியே ஆக வேண்டும்.

ஆங்கிலம் தடுமாறினால் பிள்ளைகளையோ பக்கத்து வீட்டுக்காரரையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450 எண்ணை அழைத்துத் தமிழ் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் வருவார். அவரை வைத்தே என்.டி.ஐ.எஸ்-இன் 1800 800 110 எண்ணோடு பேசலாம். பிளானிலிருந்து ஒரு காசு குறையாது.

போன மாதம் ஒரு தங்கை வந்தார். மகளுக்கு 5 வயது, நிரந்தர விசா கிடைத்து நான்கு மாதம்தான் ஆகிறது. 9 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு என்.டி.ஐ.எஸ்-இன் சிறுபருவப் பிரிவு வழியாகப் போக வேண்டும் என்று சொல்லி, கையில் ஒரு நோட்டைக் கொடுத்தேன். ஒரு வாரம், மகளுக்காக எழுந்த ஒவ்வொரு முறையும் மணியோடு எழுதச் சொன்னேன். "குழந்தையைப் பத்தி இப்படி எழுதுறது பாவம் மாதிரி இருக்கு அக்கா" என்றார். எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்றால் காட்ட வேண்டாம் என்றேன். நேற்று நோட்டோடு வந்தார். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் 14 வரிகள் இருந்தன. முதல் வரி இரவு 2.10. அடுத்த வியாழன் அவருக்குச் சந்திப்பு, மொழிபெயர்ப்பாளர் கேட்டாயிற்று, நோட்டை எடுத்துக்கொண்டு போகிறார்.