எம்8 ஹேண்ட் டேப் செட்: மூணாவது டேப்புக்காகவே வாங்கலாம்

டேப்னா ஓட்டைக்குள்ள போல்ட்டுக்கு மரை வெட்டற கருவி. இது எம்8 (8 எம்எம் போல்ட்டுக்கு), 1.25 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.25 எம்எம்), ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்), ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா விடற மூணு பீஸ் செட்டு. வாங்கி எட்டு மாசம் ஆச்சு, அலுமினியம், எம்எஸ் (சாதாரண மைல்ட் ஸ்டீல்), கொஞ்சம் காஸ்டிங்னு (வார்ப்பிரும்பு) நாப்பது அம்பது ஓட்டைக்கு மேல மரை போட்டாச்சு, ஒண்ணு கூட உடையல, இன்னும் நல்லா கடிச்சுத்தான் வெட்டுது.

இத வாங்க வெச்சது ஒரு 20 எம்எம் அலுமினிய பிளேட்டு. அதுல வைஸ் (பொருள இறுக்கி புடிக்கறது) உக்கார நாலு மரை ஓட்டை வேணும், அடியில ஓட்டை தெரியக்கூடாது. வெளிய ஒரு பட்டறைல குடுத்தேன், 16 எம்எம் ஆழத்துக்கு டிரில் போட்டு டேப் அடிச்சு குடுத்தாங்க, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது தடவை டைட் வெக்கும்போதே ஒரு ஓட்டைல மரை மொத்தமும் சுருள் சுருளா போல்ட்டோட வெளிய வந்துருச்சு. அப்புறம் அளந்து பாத்தாத்தான் தெரியுது, முதல் டேப்ப மட்டும் ஓட்டிட்டு நிறுத்திட்டாங்க, அடுத்த ரெண்டையும் போடல. முதல் டேப்போட முனைல ஒரு எட்டு மரைக்கு சரிவு இருக்கும், 1.25 பிட்ச்சுக்கு அது 10 எம்எம், அந்த நீளத்துக்கு முழு மரை விழாது. 16ல 10 போனா மிச்சம் 6 எம்எம். சாதாரண எம்8 நட்டு உயரமே கிட்டத்தட்ட 6.8, அதுவும் இரும்பு. மெத்துனு இருக்கற அலுமினியத்துல 6 எம்எம் எப்படி தாங்கும்?

மூணாவது டேப் அருமை புரியறது இங்கதான். அதுக்கு சரிவு ரெண்டு மரை, அதாவது 2.5 எம்எம் தான், ஓட்டையோட அடி கிட்ட வரைக்கும் முழு மரை இறக்கிரும். இந்த செட்ல அந்த மூணாவது பீஸ் நல்லா ஷார்ப்பா இருக்கு, நான் முன்னாடி வெச்சிருந்த செட்ல அது பேருக்கு தான் இருந்துச்சு.

சரி எவ்ளோ ஆழம்? எம்எஸ்ல போல்ட் சைஸ் அளவு, எம்8க்கு 8லருந்து 10 எம்எம் போதும். காஸ்டிங்ல ஒன்றரை மடங்கு, அலுமினியத்துல ஒன்றரைலருந்து ரெண்டு மடங்கு. அதுக்கு மேல இறக்குனா பலம் கூடாதுங்க, முதல் சில மரைதான் பெரும்பாலான லோட தாங்குது, ஆழமா போகப்போக டேப் ஒடையற வாய்ப்பு தான் கூடுது. நானும் முதல்ல ரெண்டு மடங்கு, 16 எம்எம் மரைன்னு தான் நெனச்சேன், ஆனா சரிவுக்கு 2.5, 6.8 டிரில்லோட கூம்பு முனைக்கு 2, ஆக மொத்தம் 20.5, பிளேட்டே 20 தான், பொத்துக்கிட்டு வெளிய வந்துரும். அதனால மரை 12, சரிவு 2.5, சில்லு (வெட்டி விழற துணுக்கு) தங்க 1.5, முனை 2, மொத்தம் 18. அடியில 2 எம்எம் தோல் நிக்குது. அதே பிளேட்ல வேற எடத்துல புதுசா நாலு போட்டேன், டார்க் ரெஞ்ச்ல (எவ்ளோ இறுக்கறோம்னு அளக்கற ஸ்பேனர்) 20 நியூட்டன் மீட்டர் வெச்சும் அசையல.

போல்ட் நீளத்தயும் இதோட சேத்து பாருங்க. என் வைஸ் அடி 12 எம்எம், வாஷர் 1.6, 25 எம்எம் போல்ட் போட்டா 11.4 உள்ள போகுது, கச்சிதம். கைல இருக்குன்னு 30 போட்டீங்கன்னா முழு மரை முடியற எடத்துல முனை முட்டி நிக்கும், ரெஞ்சுக்கு டைட்டா தெரியும் ஆனா வைஸ் லூஸா ஆடும்.

குறைன்னா, எது முதல் டேப் எது ரெண்டாவதுன்னு மார்க்கே சரியா இல்ல, நான் பெயின்ட்ல கோடு போட்டு வெச்சிருக்கேன். கூட வந்த ஹேண்டிலும் சுமார், டேப்ப நேரா புடிக்க மாட்டேங்குது, தனியா நல்லதா வாங்கிட்டேன். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், எம்எஸ்க்கு கட்டிங் ஆயில், அரை சுத்து முன்னாடி கால் சுத்து பின்னாடி, நடுவுல ஒருதடவ வெளிய எடுத்து சில்லு தட்டிருங்க, அடி மூடின ஓட்டைல சில்லு கெட்டிச்சுதான் பாதி டேப் உடையுது. மெஷின்ல மாட்டி ஓட்டறதா இருந்தா இந்த செட் வேணாம், சில்ல மேல இழுத்து தள்ளற ஸ்பைரல் ஃப்ளூட் டேப் வாங்கிக்கோங்க.