கன்னத்துக் குழிக்கு ஊசி: வெள்ளவத்தைக் கிளினிக் ஒன்றில் என் அனுபவம்

17 வயதில் கிள்ளிய பருக்கள் 32 வயதிலும் என் கன்னத்தில் குழி குழியாகக் கிடந்தன. முதலில் போன இடத்தில் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே 6 தடவை லேசர் என்று பில் போட வந்தார்கள். எழும்பி வந்துவிட்டேன். இந்தக் கிளினிக்கைச் சொன்னது மச்சாள்தான். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது.

டொக்டர் அறை வெளிச்சத்தை அணைத்துவிட்டு, டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, கண்ணாடியை என் கையில் தந்தார். ஒவ்வொரு குழியின் நிழலும் தனித்தனியாகத் தெரிந்தது. ஊசியால் குத்தினாற்போல ஒடுங்கி ஆழமாக இருந்தால் வட்டக் கத்தியால் தோண்டி எடுத்துத் தைப்பார்களாம். கரை செங்குத்தாக இருந்து அடித்தோல் நன்றாக இருந்தால், அதையே வெட்டி மேலே தூக்கிவிடலாமாம். எனக்கு இருந்தவை பெரும்பாலும் அலைபோலத் தாழ்ந்தவை. அடியில் நார் பிடித்து இழுப்பதால் வருபவை. கிரீம் பூசி அந்த நார் அறாது. தோலுக்கடியில் ஊசி விட்டு அதை அறுப்பதுதான் சப்சிஷன். 1995இல் ஓரன்ட்ரைக் என்ற இரு அமெரிக்கத் தோல் வைத்தியர்கள் விபரித்த முறை. அப்போது எனக்கு இரண்டு வயது!

வலி எல்லாம் விறைப்பு ஊசியோடு சரி. அப்புறம் தோலுக்கடியில் ஊசி முன்னும் பின்னும் போகும்போது, செங்காய்க் கொய்யாவை வெட்டுகிற மாதிரி ஒரு கரகரப்பு காதுக்குள் கேட்டது. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

குறை என்றால், கண்டல் மூன்று நாளில் போய்விடும் என்றார்கள், 11 நாள் இருந்தது. உள்ளே இரத்தம் கட்டினால்தான் குழி திரும்ப ஒட்டாமல் இருக்கும், புது இழையமும் வளரும் என்பது பிறகுதான் விளங்கியது. அதை முதலே சொல்லியிருக்கலாம். ஓட்டோக்கார அண்ணா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தங்கச்சி, வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். 5 மணிக்கு நம்பர் தந்து 6.40க்குக் கூப்பிடுவதும் நல்ல பழக்கமில்லை.

ஆறு கிழமை இடைவெளியில் இரண்டு தடவை செய்தாயிற்று. பாதிக்குக் கிட்டக் குறைந்திருக்கிறது. ஒஃபிஸ் லிஃப்ட் வெளிச்சத்தில் மட்டும் இன்னும் காட்டிக்கொடுக்கிறது. முழுக்கப் போகாது என்று டொக்டர் முதல் நாளே சொன்னதால் கோபமில்லை. எங்களைப் போன்ற மாநிறத் தோல் கறுத்துவிடும் என்று சன்ஸ்கிரீனில் மட்டும் சரியான கண்டிப்பு.

மூக்கோரத்தில் ஊசிக்குழி இரண்டு மிச்சம். தையல் போட வேண்டுமாம். தம்பியின் கலியாணம் முடியட்டும் என்று வைத்திருக்கிறேன்.