வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்புவோரிடம் முற்பணம் கட்டுமுன் இதை வாசியுங்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் வசிக்கும் என் அம்மாவைப் பராமரிப்பதற்காக, ஏ9 வீதியோர நகரொன்றில் பெயர்ப்பலகை போட்டிருக்கும் ஒரு வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்துக்கு இரண்டரை மாதத்தில் 360,000 ரூபாய் கட்டினோம். அதற்குக் கிடைத்தவை ஒரு படுக்கைப் புண்ணும், ஒரே காலையில் இரண்டு தடவை போடப்பட்ட இன்சுலின் ஊசியும், "அதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்ற பதிலும்தான். முறைப்பாடு கொடுத்திருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நடந்ததை எழுதாமல் விட்டால் அடுத்த மாதம் வேறொரு வீட்டில் இதுவே நடக்கும் என்பதால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. நீண்ட காலமாகச் சீனி வருத்தம் உள்ளவர்; கடந்த ஆண்டு பாரிசவாதம் வந்ததிலிருந்து வலப்பக்கம் இயங்குவதில்லை, பேச்சும் குழறும். சிறுநீர் குழாய் வழியாகத்தான் போகிறது. நான் வவுனியாவில் படிப்பிக்கிறேன். வெள்ளி பின்னேரம் பஸ் ஏறி, மாங்குளத்தில் மாறி, இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போய்ச் சேர்வேன். தம்பி லண்டனில். வன்னியில் இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு. பிள்ளைகளில் ஒருவர் வெளிநாட்டிலும் இன்னொருவர் தூரத்து ஊரில் வேலையிலும் இருக்க, மற்றவரைப் போர் கொண்டுபோய்விட, வயதானவர் மட்டும் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டைக் காத்துக்கொண்டிருப்பார். முதியவர்கள் மட்டுமல்ல, 2009இல் முள்ளந்தண்டில் காயப்பட்டு இன்றுவரை படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தூக்கிப் புரட்டிய தாய்மாருக்கு இப்போது வயதாகிவிட்டது. முன்பெல்லாம் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்றைக் கேட்டு நிறுத்திக்கொள்வோம். இப்போது முறையாகப் பயின்றவர்களில் பலர் இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் பராமரிப்பு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த வெற்றிடத்தில்தான் இந்த நிறுவனங்கள் கடை விரிக்கின்றன.

விளம்பரத்தில் "பயிற்றப்பட்ட தாதியர், 24 மணி நேரக் கண்காணிப்பு" என்று இருந்தது. அலுவலகம் ஒரு தொலைபேசிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. முகாமையாளரின் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சான்றிதழ் தொங்கியது; அரச இலச்சினையும் முத்திரையும் இருந்ததால் நானும் அதைப் பார்த்துத் திருப்தியடைந்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். அது வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். பலசரக்குக் கடைக்கும் சிகையலங்கார நிலையத்துக்கும் கொடுக்கப்படுவதும் அதே பத்திரம்தான். இன்ன பெயரில் இன்னார் வியாபாரம் செய்கிறார் என்பதற்கு மேல் அது எதையும் உறுதிப்படுத்துவதில்லை. படுக்கையில் கிடக்கும் ஒருவரைத் தொடுவதற்கு அவர்களுக்குத் தகுதி உண்டா என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. பதிவுக் கட்டணம் 20,000, ஒரு மாதச் சம்பளம் வைப்புப் பணமாக 85,000, பின்பு மாதாமாதம் முன்கூட்டியே 85,000. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். "எல்லாருக்கும் உள்ளதுதான் ரீச்சர், கையெழுத்துப் போடுங்கோ" என்றார் முகாமையாளர். போட்டேன்.

வந்தது இருபத்தொரு வயதுப் பிள்ளை. நல்ல பிள்ளை என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. அம்மாவோடு ஆசையாகக் கதைத்தாள், வீட்டைத் துடைத்தாள், கஞ்சி காய்ச்சினாள். ஆனால் குழாயிலிருந்து சிறுநீர் சேரும் பையைக் கட்டிலின் மேலே, அம்மாவின் இடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். கேட்டபோது, "கீழே தொங்கினால் தட்டுப்படுது அக்கா" என்றாள். அந்தப் பை எப்போதும் உடலுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்தில் படவும் கூடாது, மேலே வைத்தால் சிறுநீர் திரும்பிப் போய்த் தொற்று உண்டாகும் என்பது வைத்தியசாலை விடுதியில் முதல் நாளே எங்களுக்குச் சொல்லித்தந்த விடயம். தாதி என்று எழுதி அனுப்பப்பட்டவளுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஐந்தாவது கிழமை போனபோது அறையில் பவுடர் வாசம் வழமையை விட அதிகமாக இருந்தது. அம்மாவைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். முதுகெலும்பு முடியும் இடத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியளவில் தோல் கழன்று, அதன்மேல் பவுடர் அப்பிக் கட்டியாகிக் கிடந்தது. குதிக்கால் ஒன்றும் கறுத்திருந்தது. புரண்டு படுக்க இயலாதவரைச் சுமார் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். கெண்டைக்காலின் கீழ் தலையணை கொடுத்துக் குதிக்காலை மெத்தையில் படாமல் தூக்கிவைக்க வேண்டும். எங்களைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு இலகுவில் தெரியாது என்பதால், சுற்றியுள்ள இடத்தை விடக் கறுத்து, சூடாக, தடித்துப்போய் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அப்படியான இடத்தை அழுத்தித் தேய்க்கவே கூடாது. அந்தப் பிள்ளை நாளுக்கு இரண்டு தரம் தேய்த்துப் பவுடர் போட்டிருக்கிறாள். அக்கறையோடுதான் செய்தாள், அதுதான் எனக்கு இன்னும் கவலை. இரவில் திருப்பினாயா என்று கேட்டதற்கு அழுதாள். பகலிலும் இரவிலும் ஒரே ஆள், கிழமைக்கு ஒரு நாள்கூட ஓய்வில்லை. எப்போது நித்திரை கொள்வது?

நான் முறையிட்டதும், நிறுவனம் ஆளை மாற்றித் தருவதாகச் சொன்னது. அந்த மாற்றம்தான் அம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது.

அது ஒரு புதன்கிழமை. முதலில் வந்த பிள்ளை காலை ஆறரைக்கு வழமைபோல் 18 அலகு இன்சுலினைப் போட்டு, அம்மாவுக்கு இடியப்பம் ஊட்டிவிட்டு, ஏழே முக்கால் பஸ்ஸில் போய்விட்டாள். புதியவள் ஒன்பது மணிக்கு வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் காணவில்லை. மேசையில் கிளினிக் கொப்பி இருந்தது. அதில் காலை 18, மாலை 10 என்று வைத்தியர் எழுதியிருந்தார். காலை ஊசி போட்டாயிற்று என்று எழுதுவதற்கு எங்கும் ஒரு தாள்கூட இருக்கவில்லை. அம்மா இடக்கையை ஆட்டி ஏதோ சொல்லியிருக்கிறார். புதியவளுக்கு அம்மாவின் குழறல் பழக்கமில்லை. ஊசிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து, இன்னொரு 18 அலகைப் போட்டுவிட்டாள்.

பதினொரு மணியளவில் அயல்வீட்டு மாமி பால் கொண்டுவந்தபோது அம்மா தெப்பலாய் வியர்த்து, கூப்பிட்டாலும் கண் திறக்காமல் கிடந்திருக்கிறார். மாமி சீனித் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடிவர, அவருடைய மகன் அதைத் தடுத்து 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தான். நினைவு தெளிவாக உள்ளவருக்குச் சீனித் தண்ணீர் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும். அந்தப் பெடியன் எங்கே கற்றான் என்று தெரியாது, அவனால்தான் அம்மா இருக்கிறார். அம்புலன்ஸ் வந்து விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது சீனி 41. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே குறைவு என்பது கணக்கு. நாளத்தில் குளுக்கோசு ஏற்றிய பின்தான் கண் திறந்தார். ஊசியின் வேலை பல மணித்தியாலம் நீடிக்கும் என்பதால் அன்றிரவு முழுதும் வைத்தியசாலையில் வைத்து அடிக்கடி சோதித்தார்கள்.

மறுநாள் முகாமையாளருக்கு அழைத்தேன். "ஊசி போடுறது எங்கட சேவையில இல்லை ரீச்சர், அது நீங்களும் அந்தப் பிள்ளையும் பேசிக்கொண்டது" என்றார். ஒப்பந்தத்தை அப்போதுதான் முழுமையாக வாசித்தேன். ஆளை அறிமுகப்படுத்துவது மட்டுமே நிறுவனத்தின் பணி, அதன் பிறகு நிகழும் எந்த இழப்புக்கும் நிறுவனம் பொறுப்பல்ல, வைப்புப் பணம் மீளளிக்கப்படமாட்டாது என்று இரண்டாம் பக்கத்தின் கீழே இருந்தது. விளம்பரத்தில் இருந்த 24 மணி நேரக் கண்காணிப்பு அந்த இரண்டு பக்கத்தில் எங்குமே இல்லை.

என் மச்சாள், தம்பியின் மனைவி, லண்டனில் இதே வீட்டுப் பராமரிப்பு வேலைதான் செய்கிறார். நடந்ததைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "வீட்டில வச்ச கோப்பு எங்க?" என்பது. இங்கிலாந்தில் ஒருவரைக் குளிப்பாட்டவோ உடை மாற்றிவிடவோ வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம், பராமரிப்பின் தரத்தைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவில் (CQC) பதிந்திருக்க வேண்டும். 2009இல் இயங்கத் தொடங்கிய அந்த ஆணைக்குழு, நிறுவனங்களைச் சோதித்து, மிகச் சிறப்பு முதல் போதாது வரை நான்கு தரங்களில் ஒன்றை இட்டு, அறிக்கையை எவரும் வாசிக்கக்கூடியவாறு வெளியிடுகிறது. மச்சாள் கேட்ட அந்தக் கோப்பில் ஒவ்வொருவருக்கும் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட்டிருக்கும். கொடுத்த மருந்துக்கு நேரத்தோடு கையொப்பம் இருக்கும். தவறு நடந்தால் அதைக் குடும்பத்துக்கு மறைக்காமல் சொல்வது சட்டக் கடமை. அங்கேயும் கெட்ட நிறுவனங்கள் இருக்கின்றன, தானே ஒன்றில் வேலை செய்து விலகியதாக மச்சாள் சொன்னார். ஆனாலும் போட்ட ஊசிக்கு நேரே ஒரு கையொப்பம் இருந்திருந்தால், எங்கள் வீட்டில் அந்தப் புதன்கிழமை சாதாரண புதன்கிழமையாகவே போயிருக்கும்.

இலங்கையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமுடியாது. தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவதற்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அந்தப் பதிவு உண்டா என்று இப்போது கேட்டபோது முகாமையாளருக்குக் கேள்வியே விளங்கவில்லை. தாதிச் சேவை தருவதாகச் சொல்லும் எவரிடமும் முதலில் அதைக் கேளுங்கள். பராமரிப்பாளர் பயிற்சிக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., உண்டு, வருகிற ஆளின் சான்றிதழை ஆள் வீட்டுக்குள் கால் வைக்கும் முன் பாருங்கள், நிறுவனத்தின் சொல்லை நம்பவேண்டாம். ஒப்பந்தம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். ஊசி, குழாய், புண் ஆகிய மூன்றையும் யார் பார்ப்பது, ஆள் மாறும்போது பழையவர் புதியவருக்கு நேரில் ஒப்படைப்பாரா, ஓய்வு நாளில் யார் வருவார் என்பவை அதில் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்த பின் எழுத்திலும் முறைப்பாடு கொடுத்தேன். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டுக்கான உத்தியோகத்தரிடமும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருப்பதே எனக்கு அங்கேதான் தெரியவந்தது. இரண்டு இடத்திலும் முதலில் கேட்டது பற்றுச்சீட்டு. என்னிடம் இரண்டு மாதத்துக்குத்தான் இருந்தது; மூன்றாவது தொகையைத் தம்பி முகாமையாளரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பியிருந்தான்.

அந்த இரண்டு பிள்ளைகளையும் பற்றிச் சிலர் கோபமாகக் கேட்கிறார்கள். முதலில் வந்தவள் பின்பு எனக்கு அழைத்தாள். நாங்கள் கட்டிய 85,000இல் அவளுக்குக் கொடுக்கப்பட்டது 35,000. பயிற்சி என்பது மூன்று நாள், அதில் ஒரு நாள் சீருடை அளவெடுத்ததோடு போயிற்று. வேலையை விட்டு ஓடிவிடக்கூடாது என்று அவளுடைய தேசிய அடையாள அட்டையை அலுவலகத்தில் வாங்கி வைத்திருந்தார்கள். அட்டையைத் திருப்பி எடுக்கப் பொலிசுக்குப் போகலாமா என்று கேட்கத்தான் அழைத்தாள். கிராம அலுவலரிடம் கூட்டிப்போனேன், அட்டை கிடைத்துவிட்டது.

இப்போது அயல்வீட்டு மாமியின் உறவுக்காரப் பெண் ஒருவர் பகலிலும், மாமி இரவிலும் பார்க்கிறார்கள். வைத்தியசாலையில் இரண்டு நாள் நின்று புண்ணுக்கு மருந்து கட்டப் பழகினார்கள். கட்டில் தலைமாட்டில் நூலில் கட்டிய நாற்பது பக்கக் கொப்பி தொங்குகிறது. ஊசி, சாப்பாடு, திருப்பிய நேரம், பை வெறுமையாக்கிய அளவு எல்லாம் அதில் ஏறுகின்றன. புண் ஆறிவருகிறது, குதிக்கால் முழுதாக ஆறிவிட்டது.

கடந்த கிழமை முகநூலில் ஒரு விளம்பரம் கண்டேன். நிறுவனத்தின் பெயர் வேறு, ஊர் வேறு, தொலைபேசி இலக்கமும் வேறு. ஆனால் நாங்கள் பார்த்த விளம்பரத்தில் வெள்ளைச் சீருடையில் சிரித்த அதே வெளிநாட்டுத் தாதியின் படமும், "பயிற்றப்பட்ட தாதியர், 24 மணி நேரக் கண்காணிப்பு" என்ற வரியும் எழுத்து மாறாமல் அப்படியே இருக்கின்றன. இதேபோல் பணம் கட்டி ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டோ வங்கிச் சீட்டோ வைத்திருந்தால், அதன் பிரதியோடு நீங்களும் முறைப்பாடு கொடுங்கள்.