எட்டு வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்

கும்பகோணத்தில் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். முகூர்த்த மாதங்களில் காலை ஒன்பது மணிக்குப் போட்ட கம்ப்யூட்டர் இரவு பதினொன்றுக்குத்தான் ஓயும். அறை மாடியில், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வெயிலில் மத்தியானம் மவுஸைத் தொட்டாலே சுடும்.

2017 தை மாதம் நான்கு கல்யாண வேலை கையில் இருந்தபோது கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. பெரும்பாலும் பெரிய ஃபைலைச் சேமிக்கும் நேரத்தில்தான் ஆகும். விண்டோஸை மாற்றிப் போட்டேன். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பத்து நாளில் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொண்டு நின்றுபோனது. அதோடு ஒரு வீட்டு நிச்சயதார்த்தப் படங்கள் எல்லாம் போயின. கேமரா கார்டையும் அதற்குள் அழித்து வேறு வேலைக்கு எடுத்தாகிவிட்டது. நேரில் போய்ச் சொன்னபோது பெண்ணின் அம்மா என்னைத் திட்டவில்லை. “ஒரு படம்கூட இல்லையா தம்பி?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வழக்கமாக வரும் சர்வீஸ் தம்பி டிஸ்க்கை ஓரமாக வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுத்தார். வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஏற்ற சிறிய வோல்ட்டேஜ்களாக மாற்றித் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். அதிலிருந்து வரும் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, “அண்ணே, ஒரு பெரிய ஃபைலைத் திறந்து சேவ் பண்ணுங்க” என்றார். 12 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 11.2 காட்டியது. ஐந்து சதவீதம் ஏறலாம், இறங்கலாம் என்பது விதி. அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டாருக்குப் போவது இந்த 12 வோல்ட்தான்.

அந்த எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோடு இலவசமாக வந்தது. மேலே பெரிதாக 450 வாட் என்று ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே உள்ள சின்ன அட்டவணையை நான் அதுவரை படித்ததே இல்லை. 12 வோல்ட் பகுதியில் 14 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 12-ஐ 14-ஆல் பெருக்கினால் 168 வாட். என் புராசஸர் 84 வாட், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு 60 வாட், இரண்டு டிஸ்க், மூன்று ஃபேன், மதர்போர்டு. முழு லோடில் 168-ஐத் தாண்டிவிடும். மீதி வாட்டையெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் பகுதிகளில் காட்டி 450 என்று கணக்கை ஒப்பேற்றியிருந்தார்கள். பென்டியம் 4 வந்த 2000-ஆம் ஆண்டு வாக்கில் புராசஸருக்கு 12 வோல்ட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் வழக்கம் தொடங்கியது. இன்றைக்குக் கிராபிக்ஸ் கார்டும் அதையேதான் நம்பியிருக்கிறது. அதனால் வாங்கும்போது நான் முதலில் படிப்பது 12 வோல்ட்டுக்கு நேரே இருக்கும் ஆம்பியரைத்தான்.

அந்த ஆவணியில் கோர்சேர் கம்பெனியின் சிஎக்ஸ்450 என்ற எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கினேன். மூவாயிரத்துச் சொச்சம். கடைக்காரர் அறுநூறு ரூபாய்க்கு ஒன்றைக் காட்டி, “இதுவும் 450தான் சார்” என்றார். இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தேன். எடையிலேயே வித்தியாசம் தெரிந்தது. சிஎக்ஸ்450 அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 37 ஆம்பியருக்கு மேல் இருந்தது. கிட்டத்தட்ட முழு 450 வாட்டையும் அந்த ஒரு பகுதியிலேயே தரும். ஐந்து வருட வாரண்டி.

மாட்டிய அன்றைக்கே ஒரு பிரச்சினை. வெறுங்காலோடு கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடித்தது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் இப்படி ஒருநாளும் அடித்ததில்லை. புதியது பழுது என்று முடிவுகட்டித் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் தடுத்தார். ஸ்விட்ச் பாக்ஸைக் கழற்றிக் காட்டினார்: எர்த்துக்கான மூன்றாவது துளைக்கு வயரே போகவில்லை. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கும். அதிலுள்ள இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் ஃபேஸையும் நியூட்ரலையும் உலோக உடலோடு இணைக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறிய கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் உடம்பில் 230-இல் பாதியளவு வோல்ட்டேஜ் நிற்கும். பழையதைத் திறந்து பார்த்தபோது அந்த ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டுகளைப் பற்றவைத்திருந்தார்கள். அது ஷாக் அடிக்காததற்குக் காரணம் அதுதான். கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கினோம். அத்தோடு ஷாக் நின்றது. உங்கள் வீட்டில் கேபினெட் ஷாக் அடித்தால், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள். பிளக்கின் மூன்றாவது காலை ஒடித்துவிட்டு மாட்டுகிற வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

முன்பெல்லாம் கரண்ட் போய் யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். யுபிஎஸ்ஸின் மேல் சந்தேகப்பட்டு இரண்டு முறை பேட்டரி மாற்றியிருக்கிறேன். சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லிசெகண்ட் எடுக்கும். அந்த இடைவெளியைத் தன் கெப்பாசிட்டரில் சேர்த்துவைத்த மின்சாரத்தால் எஸ்எம்பிஎஸ்தான் தாங்க வேண்டும். முழு லோடில் 16 மில்லிசெகண்டாவது தாங்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதி பல வருடம் இருந்தது. அறுநூறு ரூபாய்ச் சரக்கில் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில்தான் முதலில் கைவைப்பார்கள். சிஎக்ஸ்450 போட்ட பிறகு கரண்ட் போனது எனக்கு யுபிஎஸ் கத்தும்போதுதான் தெரியும்.

குறையும் உண்டு. எல்லா வயரும் நிரந்தரமாக ஒட்டியே வரும், வேண்டாததைக் கழற்ற முடியாது. சின்ன கேபினெட்டில் அவற்றை மடித்துச் சொருகுவது பெரும்பாடு. நான்காவது கோடையில் ஃபேன் சத்தம் கூடியது. வெளியிலிருந்து புளோயரால் தூசி தட்டியதும் அடங்கியது. மூடியைத் திறக்கவில்லை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். இன்னொன்று, கேபினெட்டின் பின்பக்கம் திறந்திருக்கும் ஸ்லாட்டுகளைத் தகடு போட்டு மூடிவிடுங்கள். சூட்டுக்காகப் பல்லி உள்ளே போய்ச் செத்து ஷார்ட் ஆன மதர்போர்டு ஒன்றைப் பக்கத்துக் கடையில் பார்த்திருக்கிறேன்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்எம்பிஎஸ்ஸில் பெரும்பாலும் முதலில் கிழடாவது கெப்பாசிட்டர்கள். சூடு பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. 85 டிகிரி, 105 டிகிரி என்று இரண்டு வகை கெப்பாசிட்டர்கள் வருகின்றன. நம் ஊருக்கு 105-தான். இது தெரிந்த பிறகு நானும் மேசைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் இருந்த கேபினெட்டை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன்.

பெட்டியில் இருக்கும் 80 பிளஸ் முத்திரையைப் பலர் தர முத்திரை என்றே நினைக்கிறார்கள். வாங்கும் கரண்டில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதைச் சொல்வதுதான் அதன் வேலை. அதில் ‘பிரான்ஸ்’, அதாவது வெண்கல வகை என்றால் பாதி லோடில் குறைந்தது 85 சதவீதம். பழையது எழுபது என்று வைத்துக்கொண்டால், 150 வாட் வேலைக்கு முன்பு 214 வாட் இழுத்தது இப்போது 176 ஆகியிருக்கும். தினம் பத்து மணி நேரத்துக்கு 0.38 யூனிட் மிச்சம். சந்தோஷம்தான். ஆனால் ஷார்ட் ஆனால் தானே அணையுமா, வோல்ட்டேஜ் எகிறினால் மதர்போர்டைக் காப்பாற்றுமா என்பதையெல்லாம் அந்த முத்திரை சொல்லாது. அதற்கு அந்த மாடலைப் பிரித்துச் சோதித்தவர்கள் எழுதியதைத்தான் படிக்க வேண்டும். பெயரை மட்டும் பார்த்தும் வாங்க முடியாது. ஒரே நிறுவனத்தின் மலிவு வரிசைக்கும் மேல் வரிசைக்கும் உள்ளே நிறைய வித்தியாசம் இருக்கும்.

2022-இல் வீடியோ வேலையும் சேர்ந்துகொண்டதால் புதிய மதர்போர்டும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டும் வாங்கினேன். அந்தக் கார்டு மட்டுமே 170 வாட். அதன் கம்பெனியான என்விடியா 550 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்கிறது. கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று சீசோனிக் ஃபோகஸ் ஜிஎக்ஸ் 650 எடுத்தேன். 80 பிளஸ் கோல்டு, பத்து வருட வாரண்டி, வயர் எல்லாம் கழற்றி மாட்டலாம். அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வேறு கம்பெனியின் கழற்றி மாட்டும் வயரை எடுத்து இதில் சொருகினால் பொருந்துவதுபோலவே தோன்றும், ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸில் சொருகும் முனையில் எந்த ஊசியில் எந்த வோல்ட்டேஜ் என்ற வரிசை மாறியிருக்கும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் டிஸ்க் கருகிவிடும். அதனால் அதன் வயர்களைத் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். 600 விஏ யுபிஎஸ்ஸும் புதிய லோடைத் தாங்காமல் இரண்டு முறை கத்திக்கொண்டு அணைந்தது. அதன் உண்மையான திறன் 360 வாட்தான். 1100 விஏ வாங்கியபின் சரியாகிவிட்டது.

சிஎக்ஸ்450 இப்போது என் மகளின் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அதில் கிராபிக்ஸ் கார்டு இல்லை. பாடமும் கொஞ்சம் படம் வரைவதும்தான். வாரண்டி முடிந்து சில வருடம் ஆகிறது. ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது மஞ்சள் வயரில் மீட்டரை வைத்துப் பார்ப்பது வழக்கம். 2017-இல் 12.11 காட்டியது. போன ஆயுத பூஜையில் 12.04. அதை நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். 11.8 தொட்டால் அதே வாரம் மாற்றிவிடுவேன்.