கதிர்பட்ட எலிக் கல்லீரலும் ஒரு திசு ஆய்வகமும்: சிலைடுக்குப் போகலாம், அறிக்கைக்கு வேண்டாம்

எங்கள் துறையின் மைக்ரோடோம் (திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டும் கருவி) பழுதாகிப் பல மாதங்கள் ஆகிவிட்டதால், கோபால்ட்-60 காமா கதிர் செலுத்திய விஸ்டார் வகை ஆய்வக எலிகளின் கல்லீரல்களை வெட்டிச் சாயமேற்றும் வேலையை ஒரு தனியார் திசு ஆய்வகத்திடம் ஒப்படைத்தோம். கதிர் படாதவை, முழு உடலிலும் 6 கிரே (கதிர் அளவின் அலகு) பெற்றவை, கதிருக்கு முன் காப்பு மருந்து பெற்றவை என மூன்று பிரிவுகளில் பதினெட்டு எலிகள். நான் காணும் குறை இந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியதன்று என்பதால் ஆய்வகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

மாதிரிகளை வாங்கிக்கொண்ட பணியாளர் கேட்ட முதல் கேள்வியே நம்பிக்கை தந்தது: "ஃபார்மலின் பஃபர் சேர்த்ததுதானே?" ஃபார்மலின் திசுவைக் கெடாமல் காக்கும் திரவம்; பஃபர் அது அமிலமாகாமல் தடுப்பது. கதிர்பட்ட கல்லீரலின் சைனசாய்டுகளில் (நுண்ணிய இரத்தக் குழாய்களில்) இரத்தம் தேங்கி நிற்கும். அமிலத்தன்மை ஏறிய ஃபார்மலினில் அதைப் போட்டால் பழுப்பும் கருமையுமான துகள்கள் படிந்து, இரும்புச்சத்துப் படிவோ என்று பார்ப்பவரை மயக்கும். பத்து விழுக்காட்டு நடுநிலை ஃபார்மலின்தான் என்று காட்டிய பிறகே அவர் குப்பிகளை வாங்கிக்கொண்டார்.

சிலைடுகள் சொன்ன நாளில் வந்தன. 4 மைக்ரான் கனம், கத்திக்கோடு இல்லை, மடிப்பு இல்லை. உட்கருவில் ஏறும் ஹீமடாக்சிலின் நீலமும் மற்ற பகுதிகளில் ஏறும் ஈஓசின் சிவப்பும் அளவாக இருந்தன. 6 கிரே பிரிவில் சைனசாய்டுகள் விரிந்து சிவப்பணுக்கள் நெருங்கிக் கிடந்ததும், மையச்சிரையைச் சுற்றியுள்ள சில செல்களின் உட்கரு சுருங்கிக் கறுத்திருந்ததும் சாதாரண நுண்ணோக்கியிலேயே தெளிவாகத் தெரிந்தன. சிலைடுக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். அரை மதிப்பெண் போனதற்குக் காரணம், இரண்டு சிலைடுகளில் கவர் கிளாசுக்கு அடியில் இருந்த காற்றுக்குமிழி.

கூடுதல் கட்டணத்தில் கிடைத்த அறிக்கை வேறு கதை. 6 கிரே பிரிவுக்கு அது "கடுமையான கொழுப்புப் படிவு, மையச்சிரை அடைப்பு" என்று எழுதியிருந்தது. பாரஃபினில் ஏற்றுவதற்கு முன் ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடுவதால், மிஞ்சும் வெற்றிடம் கொழுப்பினுடையதா கிளைகோஜனுடையதா (கல்லீரல் சேமிக்கும் சர்க்கரை) என்று ஹீமடாக்சிலின்-ஈஓசின் சாயத்தை மட்டும் வைத்து அறுதியிட முடியாது. கொழுப்பைக் காட்ட வேண்டுமென்றால் திசுவை உறையவைத்து வெட்டும் முறையும், கொழுப்பில் ஏறும் ஆயில் ரெட் ஓ சாயமும் வேண்டும். போதாததற்கு, எலிகள் இரவில் உண்பவை; காலையில் அவற்றின் கல்லீரலில் கிளைகோஜன் நிறைந்திருக்கும். காலையில் அறுத்த கதிர்படாத எலிகளின் செல்களிலும் அதே வெளுத்த வெற்றிடங்கள் இருந்தன. கிளைகோஜனைக் காட்டும் பிஏஎஸ் சாயம் ஏற்றச் சொன்னேன். செந்நீலமாக ஏறிய நிறம் கிளைகோஜனைச் சிதைக்கும் டயஸ்டேஸ் நொதியைப் போட்டதும் போய்விட்டது. அது கிளைகோஜன். கதிர்பட்ட எலிகளோ தீனியைக் குறைத்துக்கொள்பவை என்பதால் அவற்றின் கிளைகோஜன் அளவே மாறிவிடும். அந்த மாற்றத்தில் கதிருக்கு எவ்வளவு பங்கு, பட்டினிக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தீனி அளவைச் சமன்செய்த ஒரு பிரிவு இல்லாமல் பிரிக்க இயலாது. இந்தப் பிழை எங்களுடையது, ஆய்வகத்தினுடையதன்று.

மையச்சிரை அடைப்பை நான் எந்தச் சிலைடிலும் காணவில்லை. மனிதரின் கதிர்வீச்சுக் கல்லீரல் நோயில் அது முக்கிய அடையாளம். எலிகளில் அது எளிதில் தோன்றுவதில்லை. மேலும், கல்லீரல் செல்கள் அரிதாகவே பிரிபவை. முழு உடலும் 6 கிரே பெற்ற எலியில் முதலில் சரிவது எலும்பு மச்சைதான். கல்லீரலில் மறைந்துகிடக்கும் சேதம், அதன் ஒரு பகுதியை வெட்டியெடுத்து மீதியை வளரத் தூண்டும்போதுதான் பெரும்பாலும் வெளிப்படும். சில நாட்களிலேயே "கடுமையான" என்ற சொல் வந்தால் ஐயம் எழ வேண்டும்.

பிரிவுப் பெயர்களைச் சிலைடிலேயே எழுதி அனுப்பியதும் எங்கள் தவறு. அதே சிலைடுகளைக் குறியீட்டு எண்கள் மட்டும் ஒட்டித் திரும்ப அனுப்பியபோது, காப்பு மருந்துப் பிரிவுக்கும் கதிர்ப் பிரிவுக்கும் இடையே அறிக்கை முன்பு காட்டியிருந்த பெரிய வேறுபாடு பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. அறிக்கைக்கு ஐந்துக்கு ஒன்று.

பாரஃபின் கட்டிகளைப் பென்சில் எண்களோடு அட்டைப்பெட்டியில் அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்காமலே செய்தது இது. அடுத்த தொகுதியையும் அங்கேதான் கொடுத்திருக்கிறோம், வெட்டிச் சாயமேற்ற மட்டும்.