பெங்களூர் அல்சூர் மார்க்கெட் காபிப்பொடிக் கடை: 5க்கு 4 மார்க்

இந்தக் கடைக்கு எட்டு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டும் என்று தோன்றியது 2025இல்தான். அந்த வருஷம் ஆகஸ்டில் வீட்டுக்காரருக்கு வேலை போனது. ஐடி கம்பெனி, பெயர் வேண்டாம். அன்று ராத்திரி கணக்கு நோட்டை எடுத்து, எதையெல்லாம் நிறுத்தலாம் என்று கோடு அடித்துக்கொண்டே வந்தேன். ஓடிடி போச்சு, பெண்ணின் நீச்சல் வகுப்பு போச்சு. காபிப்பொடி என்று எழுதியிருந்த வரியில் பேனா நின்றுவிட்டது.

2024 ஜனவரியில் கிலோ 580 ரூபாய் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. 2025 மார்ச்சில் 860. பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி, 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா வகைக் காபிக்கொட்டை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது, அதெல்லாம் பேப்பரில் படித்ததுதான். சிக்கமகளூரில் விளைகிற கொட்டைக்கு நியூயார்க்கில் எதற்கு விலை வைக்கிறார்கள் என்று ஒருநாள் கடைக்காரரிடம் கேட்டேன். “தோட்டக்காரர் போன்ல லண்டன் ரேட்டு, நியூயார்க் ரேட்டு ரெண்டையும் பாத்துட்டுதாம்மா மூட்டையையே பிரிக்கிறாரு. நம்ம கையில என்ன இருக்கு” என்றார். போதாததற்கு ஏப்ரல் 1 முதல் நந்தினி பாலும் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியிருந்தது.

சரி என்று ஆப்பில் பாக்கெட் பொடி வாங்கினேன். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது, அதில் குறை இல்லை. காபி 53, சிக்கரி 47 என்று போட்டிருந்தது. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம், ஆக சட்டப்படி சரிதான். டிகாஷன் தார் மாதிரி இறங்கியது, மணம் மட்டும் வரவில்லை. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார். தஞ்சாவூர்க்காரர், பதினெட்டு வருஷமாக என் காபியைக் குறை சொல்லாத நாள் கிடையாது. வேலை இல்லாதவன் காபியைப் பற்றிப் பேசக் கூடாது என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆயிற்று. மறுநாள் மர்பி டவுனிலிருந்து நடந்தே மார்க்கெட்டுக்குப் போனேன்.

கடை பெரிதில்லை. சோமேஸ்வரர் கோயிலில் இருந்து மார்க்கெட் பக்கம் நடந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். முன்னால் அரைக்கிற மெஷின், பின்னால் வறுக்கிற டிரம், நடுவில் ஒரு ஸ்டூல். குடியாத்தத்திலிருந்து அப்பா காலத்தில் வந்த குடும்பம். தமிழ், கன்னடம், உருது எல்லாம் ஒரே வாக்கியத்தில் வரும்.

வழக்கமாக அரை கிலோ வாங்குகிறவள் 200 கிராம் கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. “வீட்ல எத்தனை டம்ளர் போடுறீங்க?” என்று மட்டும் கேட்டார். ஒரு நாளைக்கு ஆறு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பில்டரை எடுத்துட்டு வாங்கம்மா” என்றார். காபிப்பொடி விற்கிறவர் பில்டரைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் கொண்டுபோனேன். மேல் பாத்திரத்தைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். பாதிக்கு மேல் ஓட்டைகள் இருட்டாக இருந்தன. “டிகாஷன் மேலயே தங்கிடுது. நீங்க போதலைன்னு மறுபடி பொடி போடுறீங்க. சும்மா காசு போகுது.” டிரம்முக்குக் கீழே எரிகிற பர்னரில் அதைக் காட்டிச் சுட்டு, ஊசியால் குத்தி, தட்டிக் கொடுத்தார். கரிப்பொடி கொட்டியது. எட்டு வருஷத்துப் பழைய காபி!

அப்புறம் கலவையை மாற்றினார். எனக்கு எப்போதும் பீபெரி என்கிற உருண்டைக் கொட்டையும் பிளான்டேஷன் ஏ என்கிற அராபிகா கொட்டையும் சேர்த்து, சிக்கரி இருபது சதவீதம். பீபெரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரொபஸ்டா என்கிற இன்னொரு வகைக் கொட்டையை வைத்தார். டிகாஷன் கெட்டியாக நிற்கும், பொடி குறைவாகப் போட்டால் போதும். சிக்கரியைக் கூட்டினால் இன்னும் மலிவாகுமே என்றேன். “நிறம் வரும், மணம் வராது. மணம் வரலைன்னு இன்னொரு ஸ்பூன் போடுவீங்க” என்று சொல்லிவிட்டு இருபதுக்கு மேல் ஏற்ற மறுத்துவிட்டார். அரைப்பும் மாறியது, முன்பைவிடக் கொஞ்சம் கொரகொரப்பு.

பாவம் பார்த்து வாங்க வேண்டிய கடை இல்லை இது. என் 2025 நோட்டைப் பாருங்கள். முன்பு மாதம் அரை கிலோ, 430 ரூபாய். பாக்கெட் பொடி 200 கிராம் 110, மாதம் மூன்று பாக்கெட் ஆகிறது, 330. புதுக் கலவை கிலோ 740, மாதம் 400 கிராம் போதுகிறது, 296. விலை குறைந்த பாக்கெட்டைவிட நல்ல பொடி மலிவு. விற்பனையைக் குறைத்துக்கொண்டு இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கடைக்காரர்.

இன்னொன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். முந்தின ஆளுக்குச் சிக்கரிக் கலவை அரைத்திருந்தால், அடுத்தவர் கொட்டையைப் போடுவதற்கு முன்னால் தன் கொட்டையில் ஒரு கைப்பிடி போட்டு ஓட்டி, மெஷின் வாயை மரக்கட்டையால் தட்டி, அந்தப் பொடியைத் தனியாக ஒரு டப்பாவில் பிடித்துக்கொள்வார். கடையில் அவர்கள் குடிக்கிற காபி அந்த டப்பாவிலிருந்துதான். தினம் ஒரு ருசி என்று சிரிக்கிறார்.

அவருக்கும் அது நல்ல வருஷம் இல்லை. ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை யுபிஐ வரவை வைத்துச் சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது ஊர் முழுக்க ‘நோ யுபிஐ, ஒன்லி கேஷ்’ என்று அட்டை தொங்கியதே, இங்கேயும் தொங்கியது. இவருக்கு நோட்டீஸ் வரவில்லை, பயம் வந்துவிட்டது. பொருள் விற்கிற கடைக்கு வருஷ வரவு 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு என்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் எவ்வளவோ சொல்லியும் மூன்று வாரம் அட்டை இறங்கவில்லை. பையில் நோட்டே இல்லாமல் போய் நின்ற எனக்கு, “நாளைக்கு வர்றப்ப கொடுங்க” என்று பொட்டலத்தை நீட்டினார். கடன் நோட்டில் எழுதக்கூட இல்லை. எனக்கு அதனாலேயே ராத்திரி தூக்கம் வரவில்லை, மறுநாள் கடை திறப்பதற்கு முன்னால் போய் நின்றேன்.

ஒரு மார்க் ஏன் குறைத்தேன்? மதியம் ஒன்றரைக்குச் சாத்தினால் நாலரைக்குத்தான் திறக்கிறார், அதுவும் சில நாள் ஐந்தாகிறது. வண்டி நிறுத்த இடமே கிடையாது. மெஷினில் நிற்கிற பையன் போனைப் பார்த்துக்கொண்டே அரைத்து ஒருமுறை எனக்கு மாவு மாதிரி கொடுத்துவிட்டான், பில்டர் அடைத்துக்கொண்டது. திருப்பிக் கொண்டுபோனதும் மாற்றிக் கொடுத்தார்கள், இருந்தாலும் போக வர அரை மணி நேரம் நடந்தது நான்தானே. பிளாஸ்டிக் கவரில் கட்டுவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

போகிறவர்கள் டப்பா எடுத்துப் போங்கள், சிரித்துக்கொண்டே எடை போட்டுத் தருவார். காலை பதினோரு மணிக்குள் போனால் அப்போதுதான் வறுத்து இறக்கிய கொட்டை கிடைக்கும். 50 கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் அரைப்பார். பையன் மட்டும் நின்றால் ஐந்து நிமிஷம் காத்திருங்கள், பெரியவர் பெரும்பாலும் எதிரே பூக்கடையில்தான் பேசிக்கொண்டிருப்பார்.